கடல்நாய்க்காரனின் முதல் மனைவி

டெலிபோன் மணி இரண்டாவது தரம் அடிக்க இராசமலர் விடமாட்டாள். கையில் மா ஒட்டியிருந்தாலும் சரி, தலையில் எண்ணெய் வழிந்தாலும் சரி, ஓடிப்போய் எடுத்துக் காதில் வைப்பாள். "ஹலோ" சொல்வதில்லை. அந்தப் பக்கத்து மூச்சை முதலில் கேட்பாள். ஆண் குரல் என்றால், "இஞ்சாருங்கோ, உங்களுக்கு" என்று பின்வளவு வரைக்கும் கேட்கக் கூப்பிடுவாள். பெண் குரல், அதுவும் ஆங்கிலக் குரல் என்றால், "ஹீ ஸ்லீப்பிங்" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவளுடைய கணவர் மகேசன் அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருப்பார். மெஷினின் இரைச்சல் டெலிபோனுக்குள்ளும் போயிருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

ஆக்லாந்தில் பாபகூரா ரயில் நிலையத்துக்குப் பின்புறம், பலகைச் சுவரும் தகரக் கூரையுமான ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இராசமலருக்கு முப்பத்தேழு வயது. கட்டையான உருவம், அடர்ந்த புருவம், நாடியில் ஒரு பழைய தழும்பு. காலையில் வான் வந்து ஹோர்ன் அடித்ததும் புக்கக்கோஹேயில் உள்ள வெங்காயக் கொட்டகைக்குப் போவாள். ஓடுகிற பட்டியின் இருபக்கமும் பெண்கள் நிற்பார்கள்; கப்பலில் ஏற்றும் வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கி எறிவது வேலை. மற்றவர்கள் உருட்டி உருட்டிப் பார்ப்பார்கள். இராசமலர் கழுத்தை ஒருதரம் நசுக்குவாள். அவ்வளவுதான். "வெளித்தோல் பளபளவெண்டு கிடக்கும். கழுத்து இளகினால் உள்ளுக்கை அழுகி முடிஞ்சுது" என்பாள். மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் அவள் இதையேதான் சொல்வாள்.

வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாமானையும் அவள் இரண்டு வகையாகத்தான் பார்க்கிறாள்: தான் வருவதற்கு முந்தியது, தான் வந்த பிறகு வந்தது. முந்தியவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. வரவேற்பறையில் நீல நங்கூரம் போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது. "இதை ஆர் தெரிஞ்செடுத்தது?" என்று ஒருநாள் கேட்டாள். மகேசன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேவிஸ்தான். மலிவு விற்பனையில கண்டவ" என்றார். அடுத்த கிழமை அந்த ஜன்னலில் மஞ்சள் பூப்போட்ட சீலை தொங்கியது. நங்கூரச் சீலை தேவாலயத்துப் பழைய உடுப்புக் கடைக்குப் போய்விட்டது. அதன் பின்னால் ஒரு கம்பளி, இரண்டு கோப்பை, பூண்டு நசுக்கும் குறடு எல்லாம் போயின. மகேசன் ஒன்றையும் கேட்பதில்லை. சாம்பல்நிறப் பூனை ஒன்றைத்தான் அவளால் அனுப்ப முடியவில்லை. அதுவும் முந்தியதுதான். நேரத்துக்குச் சாப்பாடு வைப்பாள்; ஆனால் அதனுடன் கதைக்கமாட்டாள்.

ஒருவரின் வாழ்க்கையில் ஐந்தாறு வருடம் கழித்து நுழைவது லேசான காரியம் இல்லை. சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளராக இருந்த மகேசனை அவள் கட்டி ஒரு வருடம் நிறையுமுன்னே அவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. ஏஜென்சிக்காரன் நடுவழியில் அவருடைய பையைக் கொண்டு ஓடிவிட்டான். கலியாணப் படம் அதற்குள்தான் இருந்தது. அவர் ஆக்லாந்தில் அகதியாக இறங்கி, விசா கிடைத்து, மனைவியைக் கூப்பிட வழி பார்ப்பதற்குள் ஊரில் சண்டை மறுபடியும் தொடங்கிற்று. தபால் நின்றது. எழுதின கடிதங்கள் எங்கே போயின என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு இராசமலர் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் தாண்டி, வவுனியா கடந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்து, தொண்ணூற்றைந்தில்தான் வந்து சேர்ந்தாள்.

விமான நிலையத்தில் மகேசன் ஒரு கட்டுப் பூவோடு நின்றார். மீசை இல்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒருநாளும் பூ வாங்கியவர் அல்லர். கோயிலுக்குக்கூட மற்றவர்கள் கொண்டுபோவதைத்தான் வாங்கி வைப்பார். காரில் ஏறியதும் அவள் முதலில் கேட்ட கேள்வி, "என்ன, பூவெல்லாம்?" என்பதுதான்.

"மேவிஸ் சொன்னவ, வெறுங்கையோட போகாத எண்டு."

வந்து இறங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அதற்குள் அந்தப் பெயர் அவள் காதுக்குள் இறங்கிவிட்டது.

மேவிஸ் என்பவர் மகேசன் வேலை செய்யும் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கன்டீன் நடத்துகிறவர்; இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். தெற்குத் தீவின் அடிக்கரையில் பிறந்து, கலியாணம் கட்டி ஆக்லாந்துக்கு வந்தவர். மகேசனுக்கு அங்கே ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் உப்புப் போடுகிற வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள் அவருடைய கை உப்பில் வெடித்து இரத்தம் வருவதைக் கண்ட மேவிஸ் களிம்பு கொண்டுவந்து கொடுத்து, "எங்கள் பரம்பரைக்கே இந்தக் கைதான்" என்று சொல்லியிருக்கிறார். அவருடைய முப்பாட்டன் கடல்நாய் வேட்டைக்கு வந்தவன். அடித்த கடல்நாயின் தோலை உரித்து, உப்புப் போட்டு அடுக்கிக் கப்பலுக்குக் காத்திருந்தவன். அன்றைக்குத் தொடங்கியது அந்தக் கதை. பாபகூராவில் மேவிஸும் சில வயதான வெள்ளைக்காரரும் சேர்ந்து ஊர்ச் சரித்திரச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். மாதம் ஒருதரம் கூடுவார்கள். மகேசனும் போகத் தொடங்கினார்.

இப்போது வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அவர் அந்தக் கதையைத்தான் சொல்வார்.

"பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து கல்லுக்கரையில இறக்கிவிடுவினமாம். கொஞ்சம் மா, கொஞ்சம் உப்பு, ஒரு வள்ளம். 'தோலைச் சேர்த்து வையுங்கோ, வந்து ஏத்துறம்' எண்டு சொல்லிப்போட்டுக் கப்பல் போயிடும். சிலது திரும்பி வராது. கப்பல் உடைஞ்சிருக்கும், இல்லாட்டி முதலாளி நொடிச்சுப் போயிருப்பான். இவங்கள் கடல்நாய் இறைச்சியைத் திண்டுகொண்டு, அதின்ர தோலிலயே சப்பாத்துத் தைச்சுப் போட்டுக்கொண்டு, வருசக்கணக்கில கடலைப் பாத்தபடி..."

"கறி போடட்டோ?"

"போடும். மேவிஸ் சொல்லுவா, குளிருக்கு ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறவங்களாம்."

"உங்கட கடல்நாய்க்காறி எல்லாத்தையும் பக்கத்தில நிண்டு பாத்தவ போல."

மகேசன் சிரிப்பார். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கமாட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் எரியும்.

கொட்டகையில் இராசமலருக்குப் பக்கத்தில் நிற்பவள் தமயந்தி, திருச்சிக்காரி. இராசமலர் நல்ல வெங்காயத்தையும் சேர்த்து எறிகிற நாட்களில், வீட்டில் மேவிஸின் பெயர் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, போயி நேர்ல பாத்துருங்க. இங்க நின்னுகிட்டு வெங்காயத்து மேல கோவத்தக் காட்டி என்னாகப் போவுது?"

"போய்? அவவோட இங்கிலிசில சண்டை பிடிக்கட்டோ?"

"சண்டைக்கு எதுக்கு இங்கிலீஷு? சும்மா போயி உக்காருங்க. பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கான்னு தெரியட்டும்."

அந்த மாதம் சங்கத்தார் நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். தென்கரைக்கு முதன்முதலில் வந்த கடல்நாய் வேட்டைக்காரரையும் திமிங்கில வேட்டைக்காரரையும் பற்றியது. சனிக்கிழமை பின்னேரம். மகேசன் சட்டைக்குக் கைநீட்டியபோது இராசமலர் கூறைச்சேலையோடு அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"நீரும் வாறீரோ?" அவருக்கு நம்ப முடியவில்லை. உண்மையான மகிழ்ச்சியோடுதான் கேட்டார். அதையும் அவள் சந்தேகமாகவே பார்த்தாள்.

மண்டபம் முழுவதும் கம்பளிச் சட்டைக்காரர்கள். நடுவே சிவப்புக் கூறைச்சேலையில் அவள். வாசலிலேயே ஒரு பெரிய இரும்புக் கிடாரம் வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கலியாண வீட்டுக் கிடாரத்தில் இரண்டு அதற்குள் அடங்கும். கடல்நாய்கள் அற்றுப்போன பிறகு அதே கரையில் திமிங்கிலம் பிடிக்க வந்தவர்கள் அதன் கொழுப்பை இதில்தான் காய்ச்சினார்களாம். டக் என்கிற கிழட்டு விவசாயி பல காலமாக அதில் தன் பன்றிகளுக்குத் தீனி வைத்தவர், கழுவிக் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு கழுவினாலும் இப்போதும் அதற்குள் குனிந்தால் ஒரு ஊத்தை நெய் மணம் வந்தது.

மேவிஸை அவள் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாள். நரைத்த கூந்தலை உச்சியில் முடிந்து, காதில் பச்சைக்கல் தொங்க, உதட்டில் நல்ல சிவப்போடு, மண்டபத்தின் எந்த மூலையில் நின்றாலும் சிரிப்பு மற்ற மூலைக்குக் கேட்கிற பெண். இராசமலர் மேவிஸின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். உறுதியான கழுத்து.

மகேசனுக்கு அன்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு மேசையில் ஆட்டுத்தோலைப் பரப்பி, அந்தக் காலத்தில் எப்படிச் சுரண்டி, உப்புப் போட்டு, மடித்து அடுக்கினார்கள் என்று காட்டவேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். நடுவில் ஏதோ பகிடி சொன்னார். சனம் கொல்லென்று சிரித்தது. அவரும் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய, வாய்விட்டுச் சிரித்தார்.

இராசமலர் நிமிர்ந்து பார்த்தாள். இந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சாவகச்சேரியில் கலியாணம் கட்டிய புதிதில், சைக்கிள் பாரில் அவளை ஏற்றிக்கொண்டு போகையில் கேட்ட சிரிப்பு. ஆக்லாந்துக்கு வந்த பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. அது எங்கேயோ வழியில் தொலைந்துவிட்டது, சண்டையோடு போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள். தொலையவில்லை. இங்கே, இந்த மண்டபத்தில், மாதாமாதம் வந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. பகிடியும் அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு மேவிஸ் எழுந்து தன் முப்பாட்டனின் கதையைச் சொன்னார். மகேசன் இராசமலரின் காதுக்குக் கிட்டக் குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார், முகம் மலர்ந்திருந்தது. தோமஸ் என்கிற இங்கிலாந்துக்காரன் ஒரு கூட்டத்தோடு தென்கரையில் இறக்கப்பட்டான். கப்பல் வரவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் வள்ளத்தில் புறப்பட்டுக் காணாமற்போனார்கள். மிச்சப்பேரைக் குளிர்காலத்தில் அக்கரை மாவோரிக் கிராமத்தவர்கள் கண்டெடுத்துக் கிழங்கும் மீனும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் ஒருத்தியை, பிற்காலத்தில் ஞானஸ்நானம் பெற்று மெரே என்று பெயரெடுத்தவளை, தோமஸ் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் பிறந்தார்கள். பல வருடம் கழித்து ஒரு கப்பல் வந்தது. கரைக்கு வள்ளம் அனுப்பி, ஊருக்குத் திரும்ப விரும்புகிற வெள்ளைக்காரர் வரலாம் என்று கூப்பிட்டார்கள். தோமஸ் ஆளுயரத்துக்கு வளர்ந்த ஃபிளாக்ஸ் என்கிற நார்ச்செடிப் பத்தைக்குள் போய் ஒளிந்துகொண்டான். கப்பல் மறையும்வரைக்கும் வெளியே வரவில்லை. அப்படித்தான் நான் இங்கே நிற்கிறேன் என்று மேவிஸ் இரண்டு கையையும் விரித்தார். சனம் கைதட்டியது. மகேசனும் தட்டினார்.

கைதட்டல் ஓய்வதற்குள் இராசமலர் எழும்பி நின்றுவிட்டாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"திஸ் மேன்," என்றாள். "ஹீ ஹேவ் வைஃப்? பிஃபோர்? இன் இங்கிலாண்ட்?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மேவிஸ் கொஞ்சம் தயங்கி, ஆமாம், இருந்தாள் என்று சொல்லக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார்.

"வாட் ஷீ டூ?"

"தெரியாது, கண்ணே" என்றார் மேவிஸ், ஆங்கிலத்தில். "அவளைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை."

இராசமலரிடம் ஆங்கிலம் அவ்வளவுதான் இருந்தது. மிச்சத்தைக் கணவரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"பத்தைக்குள்ள ஒளிச்சு இருந்தவராம், நீங்கள் கைதட்டுறியள். அங்க ஒருத்தி ஒவ்வொரு கப்பலையும் போய்ப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பாள். அதைப் பற்றி உங்களில ஒருத்தருக்கும் ஒரு கேள்வியும் வரேல்லையோ?"

மகேசன் தட்டிய கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார். அவள் வெடுக்கென்று திரும்பிச் சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

மண்டபச் சமையலறையில் ஊத்தைக் கோப்பைகள் குவிந்து கிடந்தன. கூறைச்சேலையைச் சொருகிக்கொண்டு அவற்றைக் கழுவத் தொடங்கினாள். மேவிஸ் பின்னால் வந்தார். ஒரு துவாயை எடுத்து, கழுவின கோப்பைகளைத் துடைத்தார்.

"ராசமலர்," என்றார் மேவிஸ்.

பெயர் சரியாக வந்தது. கொட்டகையில் எல்லோருக்கும் அவள் 'ராஜ்'. இந்த நாட்டுக்காரர் ஒருவர் வாயில் தன் பெயரை முழுதாக அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேவிஸ் மெதுவாக, அவளுக்கு விளங்கவேண்டும் என்று சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினார். கடிதம் நின்றுபோன அந்தக் குளிர்காலத்தில் மகேசன் கன்டீனில் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பாராம். ஒருநாள் மேசையில் தலையைப் போட்டு அழுதாராம். செத்துப்போனாள் என்று நினைத்து அழுகிறார் என்று மேவிஸ் எண்ணினாராம். அது இல்லையாம். மனைவியின் முகம் நினைவுக்கு வரவில்லை என்று அழுதாராம். படமும் இல்லை. ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு, நான் கேட்டு வைத்திருக்கிறேன், நீ மறந்தால் நான் சொல்கிறேன் என்றாராம் மேவிஸ். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாராம். புருவத்தை. நடையை. கோபம் வந்தால் மூக்கு விடைப்பதை.

மேவிஸ் ஈரக்கையை நீட்டி, இராசமலரின் நாடித் தழும்பை ஒரு விரலால் தொட்டார். "கிணற்றுக் கட்டு. ஏழு வயது."

இராசமலர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

காரில் போகும்போது மழை தூறியது. அவள் ஏதாவது சொல்லுவாள் என்று மகேசன் காத்திருந்தார். ரயில் கடவையில் தடைமரம் இறங்கி நிற்கவேண்டி வந்தபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"என்னை நினைச்சு அழுதனீங்களாமே."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுவினம்? அவதான். எனக்காக அழுதது எண்டால் எனக்கு முன்னால எல்லோ அழுதிருக்கவேணும். எனக்குத் திரைச்சீலையும் சோத்துக் கோப்பையும். அவவுக்கு அழுகையும் சிரிப்பும். என்ர முகத்தைக்கூட அவவிட்டக் குடுத்து வைச்சிருக்கிறியள்."

"நீர் வந்த பிறகு அழ என்னப்பா இருக்கு?"

"நான் வந்த பிறகு நீங்கள் என்னோட என்னத்தைக் கதைச்சனீங்கள், சொல்லுங்கோ பாப்பம்? கடல்நாய். அதை விட்டால் உப்பு. 'அந்த வருசங்களில உமக்கு என்ன நடந்தது' எண்டு ஒருநாள், ஒரேயொருநாள் என்னைக் கேட்டியளோ?"

ரயில் போனது. தடைமரம் நிமிர்ந்தது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. மகேசன் காரை எடுக்கவில்லை.

"பயமப்பா," என்றார். "கேட்டால் நீர் சொல்லுவீர். நான் இங்க சூப்புக் குடிச்சுக்கொண்டு இருக்கேக்க நடந்ததெல்லாத்தையும் சொல்லுவீர். அதுக்குப் பிறகு நான் எந்த முகத்தோட உமக்கு முன்னால சாப்பிட இருக்கிறது?"

பின்னால் ஹோர்ன் நீளமாகக் கேட்டது. "காரை எடுங்கோ, சனம் ஏசுது" என்றாள் இராசமலர். மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்த நாளும் வெங்காயத்தை வெறுப்போடுதான் எறிந்தாள். "எப்பிடி அக்கா ஆளு?" என்று தமயந்தி கேட்டபோது, "கழுத்து நல்ல உறுதி. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை" என்றாள். ஆனால் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கடல்நாய் வருவது குறைந்தது. மகேசன் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். கிளாலியில் எந்த வள்ளத்தில் வந்தனீர், லொட்ஜில் ஆரோட இருந்தனீர் என்று. சிலவற்றுக்கு அவள் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு, "அதை இப்ப விடுங்கோ" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மேவிஸ் மகேசனிடம் ஒன்று கேட்டு அனுப்பியிருந்தார். தோமஸின் முதல் மனைவியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. இராசமலர் வந்து அவளுக்காக நாலு வார்த்தை பேசுவாளா என்று. "எனக்கென்ன தெரியும்?" என்றாள் இராசமலர். பிறகு, "தமிழிலதான் கதைப்பன். நீங்கள் மாத்திச் சொல்லவேணும். ஒண்டும் விடக்கூடாது" என்றாள்.

அன்றைக்கு அவள் சாதாரணச் சேலைதான் உடுத்திப் போனாள். வழக்கமான பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். எழும்பி நின்று, ஒருவரையும் பாராமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அவள் முதல் வருசம் கப்பல் வரேக்க நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு போயிருப்பாள். அடுத்த வருசம் வேலை உடுப்போட போயிருப்பாள். பிறகு போகாமல், கப்பலில வந்த ஆக்களை ரோட்டில மறிச்சுக் கேட்டிருப்பாள். அவையள் பாவம் பாத்து, 'ஓம், கண்டனாங்கள், சுகமா இருக்கிறார்' எண்டு சொல்லியிருப்பினம். பொய்யெண்டு தெரியும். தெரிஞ்சும் கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி குடுத்தனான். இன்னுமொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான்."

அவள் எந்த இடத்தில் 'நான்' ஆனாள் என்பதை அந்த மண்டபத்தில் மகேசன் ஒருவர்தான் அறிவார். அவர் ஆங்கிலத்தில் 'ஷீ' என்றே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி வசனத்தில், எல்லோருக்கும் முன்னால், இராசமலருக்கும் முன்னால், கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இராசமலர் தலையைத் திருப்பி அதை நன்றாகப் பார்த்தாள். அவசரப்படாமல், ஆறுதலாகப் பார்த்தாள்.

கிடாரம் கொண்டுவந்த டக் கையை உயர்த்தினார். அந்த முதல் மனைவி என்றைக்காவது மெரேயைச் சந்தித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டார்.

"மனுசனுக்குச் சாப்பாடு குடுத்ததுக்கு நன்றி எண்டு சொல்லுவாள்," என்றாள் இராசமலர். "மிச்சத்துக்குச் சொல்லமாட்டாள்."

மகேசன் முதல் பாதியை மொழிபெயர்த்தார். சனம் உருகித் தலையாட்டியது.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ."

"ஏனப்பா..."

"சொல்லுங்கோ."

அவர் சொன்னார். மேவிஸ்தான் முதலில் சிரித்தார், அந்த மூலைக்கு மூலை கேட்கும் சிரிப்பு. "நியாயம்தான்" என்று தொடையில் தட்டினார்.

கூட்டம் முடிந்து தேநீர் வந்தது. கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். மேவிஸ் இரண்டு கோப்பைகளை ஏந்திக்கொண்டு, வழக்கம்போல மகேசனுக்குப் பக்கத்திலிருந்த கதிரையை நோக்கி வந்தார். அவர் வந்து சேருமுன்னே இராசமலர் எழும்பிப் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்தாள். பிறகு மேவிஸைப் பார்த்து, தனக்கு மற்றப் பக்கத்தில் இருந்த கதிரையை உள்ளங்கையால் இரண்டுதரம் தட்டிக் காட்டினாள்.